ஆபத்துக் காலமும் கைங்கர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



பெருமாள் வாஹனங்களில் திருவீதி எழுந்தருளும் இந்நாட்களில் ஊர் முழுவதும் கைங்கர்யபரர்களால் நிறைந்திருப்பதைத் தாங்கள் காண்கிறீர்கள். ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளில் தழும்பேறச் சுமக்கிறார்கள். ஒருவர் திருக்குடை பிடிக்கிறார். ஒருவர் தீவட்டி ஏந்துகிறார். வீதி முனையில் உள்ள தண்ணீர்ப் பந்தலில் பள்ளி மாணவன் ஒருவன் யாத்ரிகர்களுக்கு நீர்மோர் வார்க்கிறான். இவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். இவர்கள் செய்வது கைங்கர்யம் என்பதில் நம்மில் ஒருவருக்கும் ஐயமில்லை.

ஆனால் புயலில் வீடிழந்து நிற்கும் ஊரில், முன்பின் அறியாத ஒருவருக்குக் கூரை வேய்ந்து கொடுப்பதும், வெள்ளத்தில் சிக்கியவரைப் படகில் ஏற்றிக் கரை சேர்ப்பதும் அதே சொல்லுக்கு உரியவையா? அல்லது நல்ல காரியங்களே ஆயினும் லௌகிகம் என்று தனியே வைக்கத்தக்கவையா? கோயிற் கைங்கர்யமும் அதுவும் ஒரே வேளையில் குறுக்கிட்டால் எது முற்பட வேண்டும்?

பாடசாலையில் வாசித்த நாளில் யாரேனும் இதைக் கேட்டிருந்தால், அடியேன் பிரமாண வாக்யங்களை அடுக்கி விடை சொல்லியிருப்பேன். 2018-ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் ஒரு காலை வேளையில் அதே கேள்வி கோயில் வாசலில் வந்து நின்றபோது, விடை சொல்லத் தெரியாமல் அரை நாழிகை தடுமாறினேன். அதை மறைக்காமல் எழுதுவதே இம்மலருக்கு அடியேனால் ஆகக்கூடியது என்று துணிந்தேன்.

திருமஞ்சனக் கிணறு

தாங்கள் பிராகாரத்தை வலம் வரும்போது மடைப்பள்ளியை அடுத்து ஒரு கிணற்றைக் காண்பீர்கள். அகலம் குறைந்த பழைய கிணறு. கடலுக்கு அருகிலுள்ள ஊராகையால் நம் ஊரில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். இந்தக் கிணற்றின் தீர்த்தம் மட்டும் மதுரமாக இருக்கும். பெருமாளுடைய திருமஞ்சனத்துக்கும் தளிகைக்கும் அன்றி வேறொன்றுக்கும் இதிலிருந்து சேந்துவதில்லை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நியமம். மோட்டார் வைக்கலாம் என்று சிலர் சொன்னபோதும், தாம்புக்கயிறும் ராட்டினமுமே போதும் என்று பெரியவர்கள் இருந்துவிட்டார்கள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. விடிந்ததும் அடியேன் முறிந்த கிளைகளைத் தாண்டிக் கோயிலுக்கு வந்து, திருக்காப்பு நீக்கி, திருவிளக்கேற்றினேன். மூலவர் ஸந்நிதிக்கு ஒரு குறையும் இல்லை. நந்தவனம் மட்டும் இருந்த இடம் தெரியவில்லை.

திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் சேந்தக் கிணற்றடிக்குப் போனபோது, திருமதிள் வாசலில் நாற்பது ஐம்பது பேர் குடங்களோடு நிற்பதைக் கண்டேன். ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறவில்லை. வீட்டுக் கிணறுகளை மூடி மோட்டார் வைத்தவர்களிடம் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. மின்சாரம் இல்லாமல் நல்ல நீர் எடுக்கக்கூடிய இடம் அந்நேரத்தில் இந்த ஒரு கிணறுதான்.

அடியேன் தயங்கினேன். இத்தனை பேர் கை பட்டால் ஆசாரம் என்னாவது, நாளை பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது, நியமம் ஒரு முறை தளர்ந்தால் மறுபடி நிற்குமா என்றெல்லாம் மனம் கணக்கிட்டது. "முதலில் பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். முன்னால் நின்ற ஒரு மூதாட்டி, இடுப்பில் பேரக்குழந்தையோடு, "ஆகட்டும் சாமி. பெருமாளுக்கு ஆனப்புறம் குடுங்க. நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். அவள் குடிசையின் கூரை இரவே பறந்துவிட்டது என்பது அடியேனுக்குப் பின்னால் தெரிந்தது.

குடத்தைச் சுமந்து உள்ளே வந்து ஆராதனத்தைத் தொடங்கினேன். சற்று நேரத்தில் அந்தக் குழந்தை அழும் ஒலி உள்ளே கேட்டது. குரல் வறண்டு, அழுகையாகவும் எழும்பாத ஒலி. நாற்பது ஆண்டுகளாக நாவில் தானே வரும் மந்த்ரம் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அதே இடத்தில் நின்றது. பெருமாள் திருமுகத்தைப் பார்க்கக் கூச்சமாயிருந்தது. திரையைச் சேர்த்துவிட்டு, திருமஞ்சனத்துக்கென்று சேந்திய அந்தக் குடத்தையே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முதலில் குழந்தைக்கு வார்த்தேன்.

அதன் பிறகு நடுப்பகல் வரை ராட்டினம் நிற்கவில்லை. அடியேனும் பரிசாரகரும் ஊர் இளைஞர்களும் முறை வைத்துச் சேந்தினோம். மடைப்பள்ளியில் இருந்த அரிசியையும் பருப்பையும் முழுவதும் தளிகை செய்து, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி, வந்தவர்கள் அனைவருக்கும் ஸாதித்தோம். அன்று திருவாராதனம் நின்றுவிடவில்லை, தாமதமாக நடந்தது. மின்சாரம் திரும்பி வந்த நாள்வரை கிணறு அவ்வாறே திறந்திருந்தது. பிறகு முறைப்படி புண்யாஹவாசனம் செய்து பழைய நியமத்தை மீண்டும் தொடர்ந்தோம்.

அடியேனிடம் மிகுந்த அன்புள்ள பெரியவர் ஒருவர் சில நாட்கள் கழித்து, "செய்தது தர்மந்தான், ஆனால் நியமத்தை மீறினது மீறினதுதானே?" என்று கேட்டார். துவேஷத்தால் கேட்டவர் அல்லர். நியமங்களைக் காத்து நம்மிடம் ஒப்படைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவருக்குச் சொன்ன ஸமாதானத்தையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

சாஸ்திரம் சொல்வது

சாந்தோக்ய உபநிஷத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்பவரின் வரலாறு வருகிறது. குரு நாட்டில் பயிர்கள் அழிந்து பஞ்சம் உண்டான காலம். அவர் மனைவியோடு ஊர் ஊராகச் சென்று, பசியால் உயிர் போகும் நிலையில், ஒருவன் தின்றுகொண்டிருந்த வேகவைத்த தானியத்தில் மிச்சத்தை யாசித்து வாங்கி உண்கிறார். எச்சில் என்று தெரிந்தே உண்கிறார். அவன் தன் நீரையும் கொடுக்க முன்வரும்போது மறுத்துவிடுகிறார். அன்னம் அப்போது கிடைக்காவிட்டால் உயிர் நில்லாது, நீரோ வேறிடத்திலும் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணத்தின் கருத்து.

இந்த வரலாற்றை வைத்தே பிரஹ்ம ஸூத்ரத்தின் மூன்றாம் அத்யாயம் நான்காம் பாதத்தில் ஓர் அதிகரணம் அமைந்திருக்கிறது. எந்த அன்னத்தையும் உண்ணலாம் என்ற அனுமதி எப்போதும் உள்ளதா, உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது மட்டும் உள்ளதா என்பது விசாரம். உயிராபத்தில் மட்டுமே என்று ஸித்தாந்தம். பகவத் ராமாநுஜரும் ஸ்ரீபாஷ்யத்தில் அவ்வாறே நிர்ணயித்தருளினார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. உயிர் ஊசலாடும்போது நியமம் வழிவிட வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கே வழிவிட வேண்டும் என்பது மற்றொன்று. ஆபத்து நீங்கிய பிறகும் ஆபத்தைச் சாக்காக்கி நியமத்தைக் கைவிடுவது உஷஸ்தி காட்டிய வழி ஆகாது. மஹாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஆபத்தர்மம் என்றே ஒரு பகுதி தனியே இருப்பதும், ஆபத்தில் நடக்கும் முறையும் தர்மத்துக்கு உட்பட்டதே என்பதைக் காட்டும். பெரியவரிடம் அடியேன் சொன்னது இதுதான்: தீட்டுக்குச் சாஸ்திரம் பரிகாரம் விதித்திருக்கிறது, அதைச் செய்துவிட்டோம். தாகத்துக்கு நீரைத் தவிர வேறு பரிகாரம் எங்கும் விதிக்கப்படவில்லை.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ரந்திதேவ மஹாராஜாவின் சரிதம் இருக்கிறது. குடும்பத்தோடு 48 நாட்கள் நீரும் அருந்தாமல் இருந்த அரசர் அவர். மறுநாள் காலையில் கிடைத்த உணவை உண்ண அமரும் வேளையில் அதிதிகள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். உணவு முழுதும் அவர்களுக்கே ஆகிவிடுகிறது. ஒருவருக்குப் போதுமான நீர் மட்டும் எஞ்சுகிறது. அதைப் பருகப் போகும்போது, அந்நாளில் தாழ்ந்தவனாக எண்ணப்பட்ட ஒரு புல்கஸன் வந்து தாகம் என்கிறான். அரசர் அந்த நீரையும் கொடுத்துவிடுகிறார். அவர் அஷ்ட ஸித்திகளையும் வேண்டவில்லை, மோக்ஷத்தையும் வேண்டவில்லை. உயிர்களின் உள்ளே தாம் இருந்து அவற்றின் துன்பத்தைத் தாமே சுமக்க வேண்டும் என்று வேண்டினார்.

இந்தச் சரிதத்தை அடியேன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டதும் உண்டு. ஆனால் குடத்தில் நீரும் வாசலில் தாகமும் உண்மையாகவே இருந்த அந்தக் காலையில், ரந்திதேவர் அடியேனுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. குழந்தை அழுத பிறகே வந்தார். சொல்வதற்கும் நிற்பதற்கும் உள்ள தூரத்தை அன்று அறிந்தேன்.

கர்மபலன் என்னும் ஐயம்

வேறொரு கேள்வியையும் ஆஸ்திகர்கள் கேட்பதுண்டு. துன்பம் அவரவர் பூர்வகர்மத்தின் பலன் அல்லவா, பகவத் ஸங்கல்பத்தால் வந்ததை நாம் புகுந்து மாற்றலாமா என்பார்கள். இந்தக் கேள்வி பார்வைக்குப் பக்தியாகத் தோன்றும். அதனால் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

நமக்கு ஜ்வரம் வந்தால் கர்மபலன் என்று மருந்து உண்ணாமல் இருப்பதில்லை. நம் வீடு எரிந்தால் பகவத் ஸங்கல்பம் என்று நீர் ஊற்றாமல் இருப்பதில்லை. நமக்கு வந்தால் ஆபத்து, பிறருக்கு வந்தால் கர்மபலன் என்று பிரிப்பது வேதாந்தம் ஆகாது. கர்ம ஸித்தாந்தம் நமக்குக் கொடுக்கப்பட்டது நம் குற்றத்தை நாம் எண்ணித் திருந்துவதற்காக. அடுத்தவர் குற்றத்தைக் கணக்கிடுவதற்காகக் கொடுக்கப்படவில்லை. அந்தக் கணக்கு எம்பெருமானிடம் இருக்கிறது. அவனும் அதைப் பார்த்துப் பார்த்துத் தண்டிப்பவனாக இருந்தால் நம்மில் யார் பிழைப்போம்?

ஸ்ரீராமாயணத்தில் யுத்தம் முடிந்த பிறகு, அசோகவனத்தில் பிராட்டியைத் துன்புறுத்திய அரக்கியரைத் தண்டிக்க அனுமதி கேட்கிறார் திருவடி. குற்றம் செய்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பிராட்டியோ, குற்றம் செய்யாதவர் உலகில் எவருமில்லை என்னும் கருத்தைச் சொல்லி அவர்களைக் காப்பாற்றுகிறாள். கண்ணெதிரில் செய்த குற்றத்தையே பாராத அந்தப் புருஷகாரத்தை நம்பி ஸந்நிதிக்கு வரும் நாம், கண்ணுக்குத் தெரியாத முற்பிறவிக் குற்றத்தைக் காரணமாகச் சொல்லி ஒருவரை வெள்ளத்தில் விடலாமா?

பிறருக்கு நேர்ந்த அனர்த்தத்தைக் கண்டு ஐயோ என்று இரங்குபவனுக்கே வைஷ்ணவத்வம் உண்டு என்று கொள்ளலாம் என்னும் கருத்தில் நம் பூர்வாசார்யர்களின் வார்த்தை ஒன்று வழங்கிவருகிறது. வைஷ்ணவனுக்கு ஊர்த்வபுண்ட்ரம் வெளி அடையாளம். இந்த இரக்கம் உள் அடையாளம். புயலும் வெள்ளமும் வரும்போது உள் அடையாளம் பரீக்ஷிக்கப்படுகிறது.

கைங்கர்யத்தின் இலக்கணம்

இனி, ஆபத்தில் தொண்டு செய்வது கைங்கர்யமே என்று கொண்டால், கைங்கர்யத்துக்குரிய இலக்கணங்கள் அதற்கும் வேண்டும். முதலாவது விரைவு. முதலையின் வாயில் அகப்பட்ட கஜேந்திரன் கூப்பிட்டபோது எம்பெருமான் எவ்வளவு விரைந்தான் என்பதைப் பெரியோர்கள் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் அந்தத் த்வரைக்கே நமஸ்காரம் ஸமர்ப்பிக்கிறார். ஆனையைக் காக்க எம்பெருமான் எடுத்துக்கொண்ட நேரத்தோடு அடியேன் வாசலில் தயங்கிய அரை நாழிகையை ஒப்பிட்டுப் பார்த்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

இரண்டாவது, பெறுபவரின் தேவை அறிந்து செய்தல். சேஷனுக்குத் தன் ருசி இல்லை. சேஷியின் திருவுள்ளமே பிரமாணம். குளிர்காலத்தில் பெருமாளுக்குச் சந்தனக் காப்பும் கோடையில் கம்பளியும் ஸமர்ப்பித்துவிட்டு, நமக்கு இதுதான் பிடித்தது என்று சொன்னால் அது கைங்கர்யம் ஆகுமா? 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் லாரி லாரியாக உதவி வந்தது. வந்தவர்களின் அன்பை அடியேன் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் பழந்துணிகள் குவியல் குவியலாகச் சாலையோரங்களில் எடுப்பாரின்றிக் கிடந்ததையும் கண்ணால் கண்டேன். படகும் வலையும் இழந்த கடலோர மக்கள், மானத்தை இழந்தவர்கள் அல்லர். நமக்கு வேண்டாதது அவர்களுக்கு வேண்டும் என்று எண்ணியது கொடுத்தவர்களின் பிழை. நிர்மால்யத்தை எடுத்துப் பெருமாளுக்கு மறுபடி சாற்றுவோமா?

கஜா புயலிலும் இதன் வேறொரு வடிவத்தைக் கண்டோம். நெடுஞ்சாலையோரத்து ஊர்களில் வண்டிகள் நின்று நின்று கொடுத்தன; உள்ளே தள்ளியிருந்த ஊர்கள் காத்துக் கிடந்தன. பாதை விழுந்த மரங்களால் அடைபட்டிருந்த அந்த ஊர்களுக்கு முதலில் அரிவாளும் ரம்பமும் எடுத்துப்போய் வழி செய்த இளைஞர்களே, அரிசி கொண்டுபோனவர்களைவிடப் பெரிய உபகாரம் செய்தவர்கள்.

மூன்றாவது, அவரவர் அதிகாரத்துக்கு ஏற்பச் செய்தல். இதை அடியேனுக்குக் கற்பித்தவர் ஒரு மின் ஊழியர். புயலுக்குப் பின் நம் பகுதியில் மின்கம்பங்களை நடக் கேரளத்திலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிரஸாதம் பெற்றுக்கொள்ளக் கோயிலுக்கு வந்தார். செங்கன்னூருக்கு அருகில் அவர் ஊர். மூன்று மாதங்களுக்கு முன்பு, அதே 2018 ஆகஸ்டில், அவர் வீடே நீரில் மூழ்கியிருந்தது.

மலைநாட்டுத் திருப்பதிகளை ஸேவித்தவர்களுக்குச் செங்கன்னூர்ப் பகுதி நன்கு தெரியும். திருச்செங்குன்றூர், திருப்புலியூர், திருவாறன்விளை, திருவண்வண்டூர் ஆகிய நான்கும் அங்கே அருகருகே உள்ளவை. நம்மாழ்வாரால் மங்களாசாஸனம் செய்யப்பெற்றவை. அப்பகுதியில் பம்பை பெருகியபோது ஊர்கள் நீருக்குள் போயின. மாநிலம் முழுவதும் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண முகாம்களில் தங்கினர். 1924-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு அந்நாடு காணாத பெருவெள்ளம் அது.

அப்போது கடற்கரையிலிருந்த மீனவர்கள், ஒருவரும் கட்டளையிடும் முன்பே, தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தார்கள். 4,000-க்கும் மேற்பட்ட மீனவர்கள், 600-க்கும் மேற்பட்ட படகுகளில், 60,000-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம், ஹிந்து என்று எல்லா மதத்தவரும் அவர்களில் இருந்தார்கள், ஏற்றப்பட்டவர்களிலும் அவ்வாறே. ஒரு மீனவர், படகில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்காக, வெள்ளத்தில் மண்டியிட்டுக் குனிந்து தம் முதுகைப் படியாக்கினார். ஆதிசேஷன் எம்பெருமானுக்குக் குடையாகவும் ஆஸனமாகவும் பாதுகையாகவும் ஆகிறான் என்று நாம் அநுஸந்திக்கிறோம். எந்த நேரத்தில் எது வேண்டுமோ அதுவாகவே ஆகிவிடுவது கைங்கர்யத்தின் எல்லை. பெயரும் தெரியாத அடியவர்களுக்கு ஒரு மனிதர் அவ்வாறு ஆனதைக் கேட்டபோது அடியேனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

திருவாறன்விளைப் பெருமாள் ஆறு மூங்கில்களால் ஆன தெப்பத்தில் அவ்வூருக்கு எழுந்தருளினார் என்பது ஸ்தல ஐதிஹ்யம். அன்று தெப்பத்தில் வந்தவனே அந்த ஆகஸ்டில் படகுகளையும் அனுப்பினான் என்று அந்த மின் ஊழியர் சொன்னார். அடியேனுக்கும் அப்படியே தோன்றியது.

மீனவர்கள் இறங்கியது நீரின் போக்கை அறிந்திருந்ததால். நீச்சல் அறியாதவர் உணர்ச்சி வசப்பட்டு வெள்ளத்தில் இறங்கினால், காப்பாற்றப்பட வேண்டியவர் ஒருவர் கூடுவார். ஆகமம் அறியாதவர் ஆர்வத்தால் கர்ப்பக்ருஹத்தில் நுழைவதை நாம் ஏற்பதில்லை, இதுவும் அதுபோல. 2016-ஆம் ஆண்டு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆப்த மித்ரா என்னும் திட்டத்தைத் தொடங்கி, வெள்ளம் வரக்கூடிய 30 மாவட்டங்களில் தொண்டர்களுக்கு மீட்புப் பயிற்சி அளிக்க முற்பட்டது. ஆபத்தில் நண்பன் என்பது அப்பெயரின் பொருள். முன்னரே கற்றவர்களுக்கே அந்தப் பெயர் பொருந்தும். படகோட்டத் தெரியாத அடியேனுக்குக் கயிறு இழுக்கத் தெரிந்தது. பரிசாரகருக்கு நூறு பேருக்குத் தளிகை செய்யத் தெரிந்தது. அவரவர்க்கு இயன்றதே அவரவர் கைங்கர்யம்.

நான்காவது, பின்னும் தங்கியிருத்தல். ஆபத்து ஓர் இரவில் வருகிறது. அதன் பின்விளைவு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்க ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். முதல் வாரத்தில் சோறு கொடுத்தவர் ஆயிரம் பேர். மூன்றாம் ஆண்டில் வந்து கன்று பிழைத்ததா என்று கேட்டவர் எத்தனை பேர்?

நம் ஸம்ப்ரதாயம் இதை நன்றாக அறியும். 1323-ஆம் ஆண்டளவில் திருவரங்கத்துக்குப் பேராபத்து நேர்ந்தபோது, பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். வேதாந்த தேசிகர், ஸுதர்சன ஸூரி ஒப்படைத்த சுருதப்பிரகாசிகை ஓலைகளையும் அவருடைய இரு பிள்ளைகளையும் காத்து அழைத்துச் சென்றார் என்று குருபரம்பரை கூறும். நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371-ல். சுமார் 48 ஆண்டுகள்! காடும் மலையும் சுமந்து சென்றவர்களில் பலர் அந்தத் திரும்புதலைக் காணவில்லை. பலனைக் காணாமலே சுமந்தவர்களின் தோள்களால்தான் இன்று நாம் நம்பெருமாளை ஸேவிக்கிறோம்.

உபயம் என்னும் எழுத்து

கோயில்களில் மின்குழல் விளக்கு ஸமர்ப்பிப்பவர்கள் அதன்மேல் தம் பெயரை உபயம் என்று எழுதிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் எழுத்து பெரிதாகி, விளக்கின் வெளிச்சம் பாதி குறைந்திருக்கும். ஆபத்துக் காலத் தொண்டிலும் இந்த அபாயம் உண்டு. ஒரு பொட்டலம் சோற்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுப்பதைக் காண்கிறோம். வாங்குகிறவர் தலை குனிந்து நிற்கிறார். கொடுத்தவர் வெளிச்சத்தைக் கொடுத்து, தம் எழுத்தால் அதை மறைத்தும் விடுகிறார். கேரளத்து மீனவர்களுக்கு அரசு ஊதியம் தருவதாக அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குப் பணம் வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள். கர்த்ருத்வ த்யாகம், பல த்யாகம் என்று நாம் பாடம் சொல்வதை அவர்கள் பாடம் படிக்காமலே செய்தார்கள்.

நாம் கொடுக்கிறோம் என்ற எண்ணமே வேண்டுவதில்லை. ஸகல சேதன அசேதனங்களும் எம்பெருமானுக்குச் சரீரம், அவனே அந்தர்யாமியாய் உள்ளிருக்கிறான் என்பது ராமாநுஜ தர்சனத்தின் உயிர்நிலை. ஆகவே கொடுக்கும் கையும் அவனுடையது. வாங்கும் கையும் அவனுடையது. நடுவில் நமக்கு அகப்படும் பாக்யம் ஒன்றுதான், குடத்தைச் சுமப்பது.

முடிவாக ஒரு விண்ணப்பம்

இதனால் கோயிற் கைங்கர்யத்தை விட்டுவிட்டுச் சமூகத் தொண்டே போதும் என்று அடியேன் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். இந்தக் கிணறு தூர்ந்து போகாமல் இருந்தது, நாள்தோறும் பெருமாளுக்காக அதில் சேந்தியவர்களால். மற்றக் கிணறுகள் மூடப்பட்ட காலத்திலும் கயிறும் ராட்டினமும் இங்கே இருந்தது, நியமத்தை விடாத பெரியவர்களால். நியமம் காத்த நீரே ஆபத்தில் ஊரைக் காத்தது. அதை அந்தப் பெரியவரிடமும் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். மறுவாரம் கிணற்றுக்குப் புதிய தாம்புக்கயிறு ஒன்று வாங்கிவந்து, வழக்கமானதைவிட இரு மடங்கு நீளமாக இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

உத்ஸவத்துக்கு வந்திருக்கும் தாங்கள் ஊர் திரும்பியதும், தங்கள் ஊர்க் கோயிலில் அத்தகைய ஒரு கயிறு, ஒரு விளக்கு, நூறு பேருக்கான பாத்திரம் ஆபத்துக்கென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊர் இளைஞர்களில் நீச்சலும் முதலுதவியும் அறிந்தவர்கள் யார் என்று அறிந்து வைக்க வேண்டும். தனியே வாழும் முதியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால், வேண்டிய நேரத்தில் நம் அன்பு வாசலில் தடுமாறி நிற்கும், அடியேன் நின்றதுபோல.

அந்த மூதாட்டி இப்போதும் சனிக்கிழமைகளில் ஸந்நிதிக்கு வருகிறாள். குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகிறது. தீர்த்தம் ஸாதிக்கும்போது அது கையை நீட்டும். அடியேன் கை அந்த ஒரு கணம் நடுங்கும். அன்று காத்திருக்கிறோம் என்று அவள் சொன்ன பொறுமைக்கு அடியேன் இன்னும் பதில் செய்யவில்லை. மறுபடி ஓர் ஆபத்து வராதிருக்கட்டும்; வந்தால், ஒருவரும் வாசலில் காத்திருக்க நேராமல் அடியோங்களை விரையப் பண்ணவேணும் என்று எம்பெருமான் திருவடிகளில் பிரார்த்தித்து அமைகிறேன்.

அடியேன் ராமாநுஜதாஸன்,
ஸந்நிதி அர்ச்சகன்

சுபம்